பில்லாவும் எங்கள் அண்ணனும்

செம்மங்குப்பத்தில் நின்றுகொண்டு 'பில்லா' என்று கூப்பிட்டால், இன்றைக்கும் ஒரு மனிதர் திரும்பிப் பார்ப்பார். அவர் என் பெரியப்பா மகன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாசலில் காயும் நெல்லை மேயும் கோழியை அதட்டக்கூட அவருக்குக் குரல் எழும்பாது. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரை வைத்து அவரைப் படுத்தினது போதும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டினாற்போல் இருக்கிறது எங்கள் ஊர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மாரியம்மன் திருவிழாவுக்கு வாடகை டி.வி.யும் டெக்கும் வந்தன. ஒரே இரவில் மூன்று படங்கள். முதலில் சாமி படம். அதற்குப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது படம் போடும்போது கோழி கூவுகிற நேரம். தூங்காமல் இருந்தவர்கள் நானும் அண்ணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும்தான். அந்தப் படம் 'பில்லா'.

மறுவாரம் அண்ணனுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. யாரோ கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார். "டேய், பில்லா போறாருடா!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். கண் வலி ஐந்து நாளில் போய்விட்டது. பெயர் போகவில்லை.

இந்தப் பில்லாவின் வம்சாவளி சுவாரசியமானது. நரிமன் இரானி என்ற இந்தி ஒளிப்பதிவாளர் படமெடுத்துக் கடனாளியாகிவிட்டார். அவரைக் கரையேற்ற நண்பர்கள் கூடினார்கள். சலீம்-ஜாவேத் கதை கொடுத்தார்கள். சந்திரா பாரோட் இயக்கினார். அமிதாப் பச்சன் நடித்தார். 1978-ல் வெளிவந்த 'டான்' அது. யாருக்காக எடுத்தார்களோ அந்த மனிதர் படம் முடிவதற்குள்ளேயே விபத்தில் இறந்துபோனார்.

படம் மொழிக்கு மொழி கிளைவிட்டது. தெலுங்கில் 1979-ல் என்.டி.ராமராவ் நடித்த 'யுகந்தர்'. தமிழில் 1980-ல் கே.பாலாஜி தயாரித்து, ஆர்.கிருஷ்ணமூர்த்தி இயக்கி, ரஜினிகாந்த் நடித்த 'பில்லா'. மலையாளத்தில் 1986-ல் மோகன்லாலின் 'சோபராஜ்'. தமிழ்க்காரர்கள் தேர்ந்த பெயரும் லேசுப்பட்டதல்ல. 1978-ல் டில்லியில் இரண்டு குழந்தைகளைக் கடத்திக் கொன்று, 1982-ல் தூக்குமேடை ஏறிய இருவரில் ஒருவனைப் பத்திரிகைகள் அந்தப் பெயரால்தான் குறிப்பிட்டன. பத்து வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது.

படத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கொள்ளைக் கூட்டத் தலைவன் பில்லா ஆரம்பத்திலேயே செத்துப்போகிறான். அவனைப் போலவே இருக்கும் ராஜப்பா என்ற தெருப்பாடகனை டி.எஸ்.பி. அலெக்சாண்டர் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். அந்த வேஷத்தைப் போட்டவர் தயாரிப்பாளர் பாலாஜியேதான். இவன் பில்லா அல்ல, ராஜப்பா என்பது அலெக்சாண்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் கொல்லப்படுகிறார். அதற்குப் பிறகு ராஜப்பா எவ்வளவு கத்தினாலும் யார் நம்புவார்கள்? போலீசும் துரத்துகிறது, கூட்டமும் துரத்துகிறது. ரஜினியின் நடையையும் கண்ணாடியையும் எல்லாரும் பார்த்தோம். இந்தப் பயத்தை நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது பக்கத்து ஊர்த் திருவிழாவில் அடிதடி ஆயிற்று. அண்ணன் அப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. அன்று அவருக்கு இரவு ஷிப்டு. சண்டை நடந்த திசைக்கே அவர் போகவில்லை. ஆனால் அடித்தவர்களின் பெயர்களைக் கேட்டபோது, கூட்டத்தில் யாரோ ஒருவன், "செம்மங்குப்பத்துப் பில்லா இருப்பான்" என்று சொல்லிவிட்டான். அந்தப் பெயருக்கு உரியவன் சண்டைக்கு வராமலா இருப்பான்?

விடியற்காலையில் ஜீப் வந்தது. "எவன்டா பில்லா?" என்று கேட்டார்கள். ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்த அண்ணன் எழுந்து நின்றார். காகிதத்தில் அவர் பெயருக்குப் பின்னால் 'என்கிற பில்லா' என்று எழுதினார்கள். இந்த 'என்கிற' இருக்கிறதே, தமிழில் இதைவிடப் பொல்லாத சொல்லை நான் இதுவரை பார்த்ததில்லை. அது எந்தப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாலும் அந்த மனிதன் பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

பெரியப்பாவோடு நானும் போனேன். 'ஐயா, இது மெட்ராஸ் ஐக்கு வந்த பெயர். வைத்தவன் நான்' என்று சொல்வதற்காக வாய்வரை கொண்டுவந்தேன். உள்ளேயிருந்து அறை விழும் சத்தம் கேட்டது. என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு இரவு கழித்து, அவர் வேலையில் இருந்ததற்குக் கம்பெனியிலிருந்து தாள் வந்த பிறகு விட்டார்கள். அதற்குள் பரங்கிப்பேட்டைப் பக்கம் பேசி வைத்திருந்த பெண்வீட்டார், "மாப்பிள்ளைக்குப் பேரே பில்லாவாமே" என்று தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அலெக்சாண்டர் செத்துப்போனதால் வாய் திறக்கவில்லை. நான் வேப்பமரத்தடியில் உயிரோடுதான் நின்றேன்.

காலம் போயிற்று. அண்ணனுக்கு வேறு இடத்தில் நல்ல பெண்ணாகவே அமைந்தது. நான் கதை எழுத வந்தேன். பில்லாவும் திரும்பி வந்தான். 2006-ல் ஷாருக்கான் நடித்த புதிய 'டா'னில் கதையையே மாற்றிவிட்டார்கள். நாம் அப்பாவி என்று நம்பியவன்தான் கடைசியில் அசல் டான். 2007-ல் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் பில்லாவானார். அதில் ராஜப்பாவின் இடத்தில் வேலு என்று ஒருவன் வந்தான். ஆனால் கோட்டும் காரும் பில்லாவுடையவைதான் மனத்தில் நின்றன. 2012-ல் வந்த 'பில்லா 2', பில்லா எப்படிப் பில்லா ஆனான் என்ற பூர்வகதை. அகதியாக வந்த டேவிட் என்ற வாலிபன் படிப்படியாகப் பெரிய ஆள் ஆகிறான். அவனைப் போல் இன்னொருவன் இல்லை. வேஷம் போடுகிறவனும் இல்லை.

அந்தப் படத்துக்கு அண்ணனை நான்தான் கடலூருக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் வெகுநேரம் பேசாமல் வந்தவர், "ஏன்டா, இதிலே நம்ம ஆளைக் காணோமே?" என்றார்.

"யாருண்ணே?"

"ராஜப்பா."

எனக்குத் தொண்டையை அடைத்தது. பதினாலு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன். வேப்பமரத்தைச் சொன்னேன். வாய்வரை வந்ததைச் சொன்னேன்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "நல்ல வேளை சொல்லலே. சொல்லியிருந்தா உனக்கும் ஒரு 'என்கிற' போட்டிருப்பான்" என்றார். சிரித்தார். மெட்ராஸ் ஐ வந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

அதற்குப் பிறகு நான் மட்டும் அவரைச் சொந்தப் பெயரைச் சொல்லி, பின்னால் அண்ணே சேர்த்துக் கூப்பிடுகிறேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து, சற்றுப் பொறுத்துத்தான் திரும்புகிறார்.