கட்டுமுன் கேட்டவர்

மயிலிட்டியில் வீடுகள் மீண்டும் எழும்பிவரும் இக்காலத்தில், கட்டடக்கலை பயில விரும்பும் பிள்ளை ஒருவர் எப்போதாவது நம் வகுப்பில் தோன்றுவதுண்டு. பெற்றார் முகந்தான் வாடும். "இஞ்சினியருக்குப் படிச்சாலும் வீடு கட்டலாந்தானே, மாஸ்ரர்?" என்பர். கட்டலாம், வீடு நிற்கவும் செய்யும். அதனுள் வாழ்பவர் பாடு வேறு கதை.

வழி நீண்டதுதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் புக உளச்சார்புப் பரீட்சை உண்டு. பட்டம் பெற்ற பின்னரும் பட்டயக் கட்டடக்கலைஞர் ஒருவரின்கீழ்ப் பயின்று, தொழிற் பரீட்சையிலும் தேறவேண்டும். ஆயினும், மினெற் டி சில்வா நடந்த வழியை நோக்க இது இராசபாட்டை.

1918 இற் பிறந்த அப்பெண்மணி கட்டடக்கலை கற்கப் பம்பாய் சென்றார். காந்தியடிகளின் விடுதலை வேண்டி நடந்த ஊர்வலத்திற் சேர்ந்தமையால் கல்லூரியினின்றும் விலக்கப்பட்டார். பின்னர், மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞராயிருந்த ஒற்றோ கோனிக்ஸ்பேகரிடம் பணிபுரிந்தார். குருகுலவாசம் என்றே அதனை நாம் சொல்வோம். இலண்டனிற் பயின்று 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தின் இணையுறுப்பினரானார். அப்பேறு பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே என்பர்.

நம்மைக் கவர்ந்தது இப்பெருமையன்று. 1950களிற் கண்டியை அடுத்த வட்டபுளுவவில் வீடமைப்புத் திட்டமொன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் படம் வரையுமுன் குடியேறவிருந்தவர்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்தார். எவ்வாறு வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டறிந்தார். படித்தவர் படியாதவரிடம் கேட்பது அன்றும் அரிது, இன்றும் அரிதே.

மயிலிட்டி மக்கள் 1990 இல் ஊரை விட்டகன்றனர். 2017 யூலையில், இருபத்தேழாண்டின் பின்னரே, துறைமுகத்தை அண்டிய ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அங்கே வீடு கட்ட வரும் இளங்கலைஞர் எவற்றையெல்லாம் கேட்டாகவேண்டும்! வலையை எங்கே உலர்த்துவது? கடலால் வருபவர் உப்புடம்போடு எவ்வழியாகக் கிணற்றடிக்குப் போவார்? வாடைக்காற்று எந்தச் சாளரத்திற் புகும்? உப்புக்காற்றிற் கம்பி துருவேறிச் சீமெந்து வெடிப்பதை நூலிற் படிக்கலாம். சம்மாட்டி வீட்டு முற்றம் ஏன் அவ்வளவு அகன்றிருந்தது என்பதை எந்த நூலிற் படிப்பது?

1990 இல் முப்பது வயதாயிருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். இடிந்த அத்திவாரத்தின்மேல் நின்று, "இது அடுப்படி, இது சாமியறை" என்று காலடியால் அளந்து காட்டக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.