தேநீரில் தமிழ் எவ்வளவு?

சீனாவில் தேயிலையைக் குறிக்கும் எழுத்து ஒன்றுதான். அதைப் படிக்கும் வாய்தான் ஊருக்கு ஊர் வேறு. பெய்ஜிங்கிலும் கான்டனிலும் அதைப் பார்த்துச் 'சா' என்பார்கள். தென்கிழக்குக் கடலோரம், ஃபூஜியன் மாகாணத்துச் சியாமென் துறைமுகத்தில் அதே எழுத்து 'தே'. கசப்புக் கீரை ஒன்றைக் குறித்த பழைய எழுத்தில் ஒரே ஒரு கோட்டை எடுத்துவிட்டு இதை உண்டாக்கினார்கள். எட்டாம் நூற்றாண்டில், தாங் வம்சக் காலத்தில் அது நிலைபெற்றது. லூ யூ தேயிலைக்கென்றே நூல் எழுதியதும் அந்த நூற்றாண்டில்தான்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வியாபாரம். தரைவழியே பாரசீகம், துருக்கி, ரஷ்யா பக்கம் போனது 'சாய்'. இந்திக்காரர் கேட்பதும் அதையே. தரைவழி போனது 'சாய்', கடல்வழி போனது 'டீ' என்று சிலர் சுலபமாக வகுத்துவிடுகிறார்கள். அது போர்த்துக்கீசியரிடம் இடிக்கும். நமக்கு ஜன்னலும் அலமாரியும் சாவியும் தந்த அந்தக் கப்பல்காரர்கள் 1557-இல் மக்காவ் துறைமுகத்தில் குடியேறி, பக்கத்துக் கான்டன் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள். இன்றும் 'ஷா' என்றுதான் சொல்கிறார்கள். எந்த வழி என்பதல்ல, யாரிடம் சரக்கு வாங்கினார்கள் என்பதே கணக்கு.

டச்சுக்காரர்கள் ஃபூஜியன் வணிகர்களிடம் வாங்கினார்கள். அந்த வணிகர்களின் பாய்மரக் கப்பல்கள் பட்டாவியாவரை, அதாவது இன்றைய ஜகார்த்தாவரை, வந்து போயின. அப்படித்தான் 'தே' ஐரோப்பா ஏறியது. 1660 செப்டம்பர் 25 அன்று, சீனப் பானம் ஒன்றை முதல்முறையாகக் குடித்ததாக லண்டனில் சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பு எழுதினார். ஆங்கிலேயரில் பலர் அடுத்த நூற்றாண்டிலும் 'டே' என்றே சொன்னார்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப் 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாக அதை வைத்திருக்கிறார். 'டீ' என்று இழுக்கும் வழக்கம் நிலைத்தது அதற்கும் பிறகு.

நம்மவர்களிடம் எல்லாமே உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் சாயா, சென்னையில் டீ, யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி. சிங்களவருக்கும் 'தே'தான். மலேசியக் கடையில் வெறும் 'தே' கேட்டால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். 'தே ஓ' என்றால் பால் இராது. அந்த 'ஓ'கூட ஃபூஜியன் பேச்சுதான், கறுப்பு என்று பொருள்.

தேன் போன்ற நீர் தேநீர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். கேட்க இனிமைதான். ஆனால் தேநீரின் 'தே', தேயிலையின் 'தே', டீ மூன்றும் ஒரே சியாமென் சரக்கு. தேநீரில் தமிழ், தண்ணீர் மட்டுமே. அதனால் அந்தச் சொல் மட்டமாகிவிடாது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. 'டீ' என்று எழுதி அனுப்பினால் தமிழில்லை என்று அடித்துத் திருத்தும் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடையில் நின்று நீங்கள் எதைக் கேட்டு வாங்குகிறீர்களோ, அதை அச்சிலும் விட்டுவையுங்கள்.