பத்து பட்டாசும் ஒரு ஜாடி பிரைமரும்

ரயில்வேயில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கார்டு உத்தியோகம். 2022-ல் எங்கள் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு கிடைத்த பதவி உயர்வு அது!

டியூட்டிக்கு ஏறும்போதெல்லாம் என் பெட்டியில் கொடிகள், கைவிளக்கு, ரூல் புத்தகம் இவற்றோடு ஒரு தகர டப்பாவில் பத்து டெட்டனேட்டர்கள் இருக்கும். எங்கள் பேச்சில் அது பட்டாசு. சின்ன பாலிஷ் டப்பா மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். இரண்டு பக்கமும் மடக்கும் பட்டை உண்டு. தண்டவாளத்தின் மேல் வைத்துப் பட்டையை மடக்கி விட்டால் ஆடாமல் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் சக்கரம் ஏறியதும் 'டமார்' என்று வெடிக்கும். மூடுபனியிலோ மழையிலோ சிக்னல் தெரியாத டிரைவருக்கு 'நிறுத்து, முன்னால் ஆபத்து' என்று சொல்லும் சத்தம் அது.

இந்த ஞாபகத்தைக் கிளறிவிட்டவர் ஓர் அமெரிக்கர். அவரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் அமெரிக்கா கதவைத் திறந்ததும், டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். மகனும் மருமகளும் காலையிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். எனக்கு நடைப்பயிற்சியை விட்டால் வேறு வேலை இல்லை. அப்படி நடக்கும்போது பழக்கமானவர்தான் மூன்று வீடு தள்ளி இருந்த பெரியவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. காரேஜ் கதவைத் திறந்து வைத்து ஏதாவது செய்துகொண்டே இருப்பார்.

ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் நெம்புகோல் வைத்த ஒரு சின்ன பிரஸ், ஒரு தராசு, கிண்ணம் நிறையப் பித்தளைக் கூடுகள். என்ன என்று கேட்டேன். "என் துப்பாக்கிக்குத் தோட்டா தயார் பண்ணுகிறேன்" என்றார், நம் வீட்டில் வடாம் பிழிகிறேன் என்று சொல்வது போல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும், தோட்டாவுக்கும் கணக்கு வேண்டும். இதை வீட்டில் செய்தால் போலீஸ் வந்து நிற்கும். அங்கே சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் லைசென்ஸ்கூடத் தேவையில்லையாம். வெளியே விற்பதற்குத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகன் முகம் மாறிவிட்டது. "அப்பா, அங்கெல்லாம் அதிகம் போகாதீங்க" என்றான். அவன் பயம் நியாயமானதுதான். ஆனால் எனக்குப் பார்க்கும் ஆசை விடவில்லை. மறுநாளும் போனேன்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுத்தம் செய்து, வாயைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய பிரைமர், உள்ளே அளந்த மருந்து, மேலே குண்டு வைத்து அழுத்தினால் புதுத் தோட்டா. இதில் பிரைமர்தான் நம் பொட்டு வெடிக்கு அண்ணன். 0.175 அங்குலம் குறுக்களவு, அதாவது நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு குட்டி உலோகக் கிண்ணம், அதற்குள் துளி வெடிமருந்து, அதன் மேல் ஒரு சின்னப் பட்டடை. துப்பாக்கியின் ஊசி வந்து அடித்ததும் மருந்து கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவே நசுங்கித் தீப்பொறியைக் கக்கும். அந்தப் பொறிதான் உள்ளே இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கிறது.

இதிலும் ஒரு வேடிக்கை. அமெரிக்கர்கள் உபயோகிக்கும் இந்த வகையைக் கண்டுபிடித்தவர் பாக்ஸர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. ஐரோப்பாவில் பரவிய இன்னொரு வகையைக் கண்டுபிடித்தவர் பெர்டன் என்ற அமெரிக்கர். மாப்பிள்ளை மாறிப் போன கதைதான்! பாக்ஸர் வகையில் கூட்டின் நடுவில் ஒரே துளை இருப்பதால் பழைய பிரைமரை ஊசியால் தள்ளி எடுப்பது சுலபம். வீட்டில் செய்பவர்கள் அதையே விரும்புவது அதனால்தான்.

அவரிடம் ஒரே அளவுத் தோட்டா போடும் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. தோட்டாவின் பெயர் .223 ரெமிங்டன். ஒரு துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். இன்னொன்று ஏ.ஆர். வகை, சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். சகோதரரின் பண்ணையில் காட்டுப் பன்றித் தொல்லை அதிகம், அதற்காக வைத்திருப்பதாகச் சொன்னார். மற்றபடி குறி பார்த்துச் சுடும் பொழுதுபோக்குதான்.

அலமாரியில் சின்னச் சின்னப் பெட்டிகள். எல்லாமே 'ஸ்மால் ரைஃபிள் பிரைமர்'. பிறகு ஏன் இத்தனை வகை என்று கேட்டேன். அதற்குத்தான் காத்திருந்தவர் போல ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"முதலில் கேட்க வேண்டியது எது நல்ல பிரைமர் என்பதல்ல. எந்தத் துப்பாக்கிக்கு என்பதுதான்" என்றார்.

கைத்துப்பாக்கிக்கான ஸ்மால் பிஸ்டல் பிரைமரும் ஸ்மால் ரைஃபிள் பிரைமரும் குறுக்களவிலும் உயரத்திலும் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றது சிக்கென்று உட்காரும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் பிஸ்டல் பிரைமரின் தகடு மெல்லியது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கு அனுமதித்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இவருடைய .223 தோட்டாவுக்கு 55,000. மூன்று மடங்குக்கும் மேல். மெல்லிய தகடு அதைத் தாங்காமல் பொத்துக்கொண்டால் கொதிக்கும் வாயு பின்பக்கமாக, சுடுபவர் முகத்தை நோக்கி வரும்.

ரைஃபிள் பிரைமர்களுக்குள்ளும் தகட்டின் கனம் வேறுபடும். சி.சி.ஐ. கம்பெனியின் 400-ம் நம்பருக்குத் தகடு சுமார் அரை மில்லிமீட்டர். 450-க்கும் 41-க்கும் அதைவிடக் கொஞ்சம் கனம். ரெமிங்டனில் ஆறரை நம்பர் மெல்லியது, ஏழரை கனமானது. இந்த மயிரிழை வித்தியாசத்துக்கு என்ன அவசியம்? ஏ.ஆர். வகையில் அடிக்கும் ஊசியைப் பின்னால் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் வேகமாக மூடும்போது ஊசி தானாக முன்னால் நழுவி பிரைமரை லேசாகத் தொட்டுவிடும். சுடாமல் வெளியே எடுத்த ஒரு தோட்டாவை என் கையில் கொடுத்து, பிரைமரில் இருந்த சின்னப் புள்ளியைக் காட்டினார். கடுகு வைத்து அழுத்தியது போல ஒரு பள்ளம். தகடு மெல்லியதாகவும் பிரைமர் சரியாக அழுத்தாமல் துருத்திக்கொண்டும் இருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஏ.ஆருக்கு ராணுவத் தோட்டாவின் அளவுகோலுக்காகவே செய்யப்பட்ட 41. போல்ட் துப்பாக்கிக்கு, மிதமான மருந்து அளவுக்கு, 400.

'மேக்னம்' என்று எழுதிய பெட்டியைப் பார்த்து, "இதுதான் உசத்தியா?" என்று கேட்டேன். சிரித்தார். அதில் சுவாலை அதிகம். சீக்கிரம் பற்றாத உருண்டை மருந்துக்கும் கடும் குளிருக்கும் அது உதவும். ஆனால் பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். பழைய மருந்து அளவை அப்படியே வைக்கக் கூடாது. புத்தகத்தில் போட்டிருக்கும் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நம் வீட்டில் புளி மாறினால் ரசத்துக்கு அளவு மாறுகிற மாதிரி. என்ன, ரசம் கெட்டால் முகம் சுளிப்போம், அவ்வளவுதான்.

அந்த வருடம் அங்கே பிரைமருக்குப் பெரும் தட்டுப்பாடு. ஆயிரம் பிரைமர் முன்பு முப்பது நாற்பது டாலருக்கு வாங்கியதாகவும், இப்போது நூறு டாலர் கொடுத்தாலும் கிடைப்பதில்லை என்றும் புலம்பினார். கடையில் ஆளுக்கு ஒரு பெட்டி என்று கணக்கு. நம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த நாள் ஞாபகம் வந்தது. அவரிடம் 41 ஒரு நூறுகூட மிச்சமில்லை.

அப்போதுதான் அந்த ஜாடி வந்தது. இறந்து போன நண்பர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தவர்கள் இவருக்குப் பயன்படுமே என்று கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடி அளவு கண்ணாடி ஜாடி. உள்ளே பளபளவென்று பிரைமர்கள், ஐந்நூறுக்குக் குறையாது. பெயரில்லை, நம்பரில்லை, வருடமில்லை. ரைஃபிளா பிஸ்டலா என்பதற்கும் அடையாளமில்லை.

அவர் அந்த ஜாடியைத் தொடவே இல்லை. என்னையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். பிரைமர்களைக் கம்பெனிக்காரன் ஒவ்வொன்றாகக் குழி வைத்த தட்டில் அடுக்கி விற்பதற்குக் காரணம் உண்டு. கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும். இப்படிப்பட்ட ஜாடி பொட்டு வெடி அல்ல, கையெறி குண்டு. அதற்குள் பேரன் உறவில் ஒரு பையன் வந்தான். "தாத்தா, அளவு சரியாக இருக்கிறதே. பத்து எடுத்துப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்றான். பெரியவர் அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "நீங்கள் ரயில்காரர். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

எனக்குத் தொண்டை அடைத்தது. முப்பத்து நான்கு வருடமாக யாரிடமும், மனைவியிடம்கூட, சொல்லாததை அந்த காரேஜில் சொன்னேன்.

1987 மழைக்காலம். ஜோலார்பேட்டை, சேலம் மார்க்கத்தில் நான் போன கூட்ஸ் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ராத்திரியில் நின்றுவிட்டது. எஞ்சின் கோளாறு. பின்னாலிருந்து உதவி எஞ்சின் வரும். விதிப்படி கைவிளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து, 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசு வைத்தேன். சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றேன். எஞ்சின் வந்தது. டமார். டமார். அவ்வளவுதான். மூன்றாவது சத்தம் வரவில்லை.

டிரைவர் என் விளக்கைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்றாவது பட்டாசு வெடிக்காமல் நசுங்கிக் கிடந்தது. மேலே அச்சடித்த வருடம் எப்போதோ காலாவதியானது. அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்தே பார்க்காமல் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவன் நான். விடிந்ததும் ரிப்போர்ட்டில் 'மூன்றும் வெடித்தன' என்று எழுதியவனும் நான்தான். அந்த நசுங்கிய பட்டாசைப் பாலத்துக்குக் கீழே ஓடைத் தண்ணீரில் வீசிவிட்டேன். அதுவும் இரண்டாவது தப்பு. யார் கையில் கிடைத்ததோ என்று எத்தனையோ இரவு தூக்கம் கெட்டிருக்கிறேன்.

பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அதற்குப் பிறகு?" என்றார்.

"அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு டியூட்டிக்கும் பத்தையும் வெளியே எடுத்துத் தேதி படித்துத்தான் ஏறினேன். கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். காரணம் சொன்னதில்லை."

அவர் தலையாட்டிவிட்டுப் பையனைப் பார்த்து, "கேட்டாயா?" என்றார். பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் இருவர் வந்து விசாரித்து, ஜாடியைப் பத்திரமாக எடுத்துப் போனார்கள். நூறு டாலருக்குக் கிடைக்காத பொருள் ஓசியில் வந்தும் வாசலோடு போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருடைய ஏ.ஆர். துப்பாக்கி பெட்டியிலேயே பூட்டிக் கிடந்தது. "பன்றிகளுக்கு இந்த வருடம் லீவு" என்றார்.

நாங்கள் கிளம்பும் நாளில் ஒரு பழைய பித்தளைக் கூட்டை நினைவாகக் கொடுக்க வந்தார். விமான நிலையத்தில் வம்பு என்று கும்பிட்டு மறுத்துவிட்டேன். மகன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். காரில் போகும்போது, "அந்த மனுஷனோட அப்படி என்னப்பா பேசினீங்க தினமும்?" என்று கேட்டான். பின்சீட்டில் மனைவியும் இருந்தாள். விமான நிலையம் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். 1987 மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்தேன்.