சாமோனியில் ஓய்வு நாட்கள்

பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையிலே, அல்ப்சு மலைகளுக்கிடையில் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கொன்றில் சாமோனி நகர் அமைந்துள்ளது. பனியாறுகளின் உருகுநீர் கலந்து சாம்பல் நிறமாய் ஓடும் ஆர்வ் நதி, ஊரின் நடுவே இரைந்து செல்கின்றது. 1786ஆம் ஆண்டில் வைத்தியர் பக்காருடன் மொன் பிளாங் சிகரத்தில் முதன்முதலாக அடிவைத்த பல்மா என்பவர், அறிஞர் சொசூருக்கு அச்சிகரத்தைச் சுட்டிக்காட்டும் சிலையொன்று இங்குண்டு. அவ்விரல் காட்டும் திசையை நோக்குவோர்க்கு உடனே மலையேறிவிட வேண்டுமென்னும் அவா பிறக்கும். ஆகஸ்டு மாத இறுதியில் இங்கு வருவோரிற் பலர் அடக்கிக்கொள்ள வேண்டிய அவாவும் அதுவே.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய மலையோட்டப் பந்தயத்துக்காக வருவோர் அவர்கள். பிரான்சு, இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளினூடாக மொன் பிளாங்கைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 170 கிலோமீற்றர். ஏற்றங்களைக் கூட்டினால் 10,000 மீற்றரளவாகும். 2022இல் கிலியன் ஜோர்னெற் என்னும் வீரர் இதனை இருபது மணி நேரத்துக்குள் முடித்தார். மற்றையோரிற் பலர் இரண்டு இரவுகளை மலையிலே கழிக்கின்றனர். மூன்றிலொரு பங்கினரளவில் இடைவழியில் நின்றுவிடுவதும் உண்டு.

ஏற்றமே கொடிதென்று நினைப்பது இயல்பு. சிவனொளிபாத மலைக்குச் சென்று வந்த நம்மவர், மறுநாள் வீட்டுப் படியில் இறங்கும்போது உண்மையை உணர்ந்திருப்பர். இறங்குகையில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குகின்றது; அதனால் நுண்ணிய சிதைவு உண்டாகிறது. அது ஆறியபின் தசை முன்னிலும் உறுதி பெறும். அவ்வுறுதி சில வாரங்கள் நிலைக்கும். ஆகவே பயிற்சியில் இறக்கங்களை வேண்டுமென்றே ஓடிப் பழகுவர். ஆயினும் கடைசிக் கடும் இறக்கம் பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரங்களின் முன்னரே முடிந்துவிட வேண்டும்.

அதன்பின் வருவதுதான் பொறுமைக்குரிய காலம். போட்டிக்கு முந்திய இரு வாரங்களில் பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம்வரை குறைத்து, வேகத்தையும் பயிற்சி நாட்களின் எண்ணிக்கையையும் குறையாது காப்பதே பெரும்பயன் தருமென 2007இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கண்டது. இது சோம்பலுக்கு வழங்கிய அனுமதிச் சீட்டன்று. நாள்தோறும் ஓடிப் பழகியவனுக்கோ இது தண்டனை போலவே இருக்கும். இல்லாத முழங்கால் நோவு தோன்றும். பெற்ற பலமெல்லாம் கரைகிறதோ என்னும் ஐயமும் எழும்.

சாமோனியோ அவ்வையத்துக்குத் தூபமிடும் ஊர். எப்பக்கம் திரும்பினும் ஏறுபாதை. நகரிலிருந்து 3,777 மீற்றர் உயரத்துக்கு ஏற்றிச் செல்லும் தொங்கூர்தியும் உண்டு. ஒருவருட உழைப்பையும் கடல்கடந்து வந்த செலவையும் ஒரே காலைப்பொழுதின் உல்லாசத்தில் இழந்துவிடுதல் இங்கே எளிது. விவரமறிந்தோர் மலைச்சாரலிலுள்ள தாழ்ந்த பாதையொன்றில் சிறிது நடந்து, மதிய உணவுக்குத் திரும்பி, மாலையில் உறங்குவர்.

வெள்ளிக்கிழமை மாலை பந்தயம் புறப்படும். லெ ஊசு கிராமம்வரை முதல் எட்டுக் கிலோமீற்றர் பெரும்பாலும் சமதரை. அங்கே எல்லாருமே ஓடுவர். நூறு கிலோமீற்றரளவு கடந்தபின், 2,537 மீற்றர் உயரமான பெரிய ஃபெரே கணவாயிலிருந்து சுவிற்சர்லாந்தின் லா ஃபூலி கிராமத்துக்கு இறங்கவேண்டும். தடிகளை ஊன்றி, பக்கவாட்டில் அடிவைத்து நகர்வோர் அங்குளர். பசுக்களின் மணியோசை கேட்கும் புல்வெளியூடே இன்னும் ஓடிச்செல்வோரும் உளர்.