ஆற்றோரம் சமதளம், தலைக்கு மேல் திராட்சை

மோசெல் ஆற்றுக்கு நேராக ஓடும் பழக்கம் கிடையாது. பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, கொஞ்ச தூரம் லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் எல்லைக்கோடாக இருந்து, கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியில் சேர்கிறது. கடைசிப் பகுதியில்தான் அதன் சேட்டை அதிகம். ட்ரியர் நகரத்துக்கும் கோப்லென்சுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் 100 கி.மீ.க்குள்தான் வரும். ஆறு அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு தூரம் சுற்றுகிறது. அவசரக்காரர்களுக்கு எரிச்சலூட்டும் இந்தச் சுற்றுதான் சைக்கிள்காரர்களை இங்கே இழுத்து வருகிறது.

அந்த வளைவுகளுக்கு நடுவில் இருக்கிறது பெர்ன்காஸ்டல்-கூஸ். வலக்கரையில் பெர்ன்காஸ்டல், இடக்கரையில் கூஸ், நடுவில் ஒரு பாலம். 1905இல்தான் இரண்டையும் ஒரே ஊராக்கினார்கள். மக்கள்தொகை சுமார் 7,000. நம்மூர்க் கணக்கில் இது பெரிய கிராமம். ஆனால் வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் பாலத்தின் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். அவ்வளவு கூட்டம்.

கூட்டத்தில் பாதி நேரே சந்தைச் சதுக்கத்துக்குப் போகிறது. மரச்சட்டங்களுக்கிடையே மண்ணும் சுண்ணாம்பும் பூசிய பழைய வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. எல்லோரும் படமெடுப்பது ஒன்றைத்தான். 1416இல் கட்டிய ‘கூர்வீடு’ அது. கீழ்த்தளம் ஒடுக்கமாகவும் மேல்தளங்கள் அகலமாகவும் இருப்பதால், எந்த நேரமும் சரிந்துவிடும் போலத் தெரிகிறது. கொத்தனாரின் கைப்பிசகு இல்லை. சந்தில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போக வழி விட்டு, இழந்த இடத்தை மேலே பிடித்துக்கொண்டார்கள்.

படமெடுத்தவர்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே அவர்களுக்காகவே போட்டது போல ஒரு பாதை இருக்கிறது. பிரெஞ்சு எல்லையிலுள்ள பெர்ல் என்ற ஊரிலிருந்து கோப்லென்ஸ் வரை, ஏறக்குறைய 240 கி.மீ. நீளும் மோசெல் சைக்கிள் பாதை. பெரும்பாலும் தார் போட்டது, மேடு பள்ளம் பெயருக்குத்தான். இந்தச் சொகுசில் ஒரு பங்கு, செத்துப்போன ரயில் ஒன்றின் புண்ணியம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரியரிலிருந்து புல்லை வரை வலக்கரையோரமாகத் தனியார் ரயில் ஒன்று ஊர் ஊராக நின்று போனது. உள்ளூரில் அதற்குக் ‘குடிகாரக் குட்டி ரயில்’ என்று செல்லப் பெயர். காரும் பேருந்தும் பெருகியதும் 1960களில் அதை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் பல கிலோமீட்டருக்கு இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

வடக்கே ஐஃபெல் மலையிலிருந்து இறங்கி வரும் பாதையின் கதையும் அதேதான். எரிமலை வாய்களில் நீர் தேங்கிய வட்ட ஏரிகளுக்குப் பேர்போன டௌன் என்ற ஊரில் தொடங்கி, ஏறக்குறைய 60 கி.மீ. ஓடி பெர்ன்காஸ்டல்-கூஸில் முடிகிறது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அன்றைய பொறியாளர்கள் மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கின் மேல் கல்பாலம் கட்டி, சரிவைக் குறைத்து வைத்தார்கள். அந்தச் சரிவில் பத்து வயதுப் பிள்ளையும் மூச்சு வாங்காமல் வந்துவிடலாம். சுரங்கங்களுக்குள் வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும், மேல்சட்டை ஒன்று கையில் இருப்பது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு. மெல்லிய டயரும் வளைந்த கைப்பிடியும் கொண்ட ரோட் பைக்கில் வருகிறவர்கள் ஆற்றோரத்தில் அரை மணி நேரத்தில் அலுத்துப்போவார்கள். அவர்களுக்கான ஊர் பெர்ன்காஸ்டலின் முதுகுப்பக்கம் தொடங்குகிறது. லோங்காம்ப், மோன்ஸல்ஃபெல்ட் போன்ற ஊர்களை நோக்கி ஹுன்ஸ்ரூக் மேட்டுநிலத்துக்கு ஏறும் சாலைகள், சில கிலோமீட்டருக்குள் 250 மீட்டருக்கும் மேல் உயர்த்திவிடும். முதலில் திராட்சை, பிறகு காடு, உச்சியில் காற்றடிக்கும் கோதுமை வயல். பக்கத்து ஊரான ட்ராபன்-ட்ரார்பாக்குக்கு ஆற்றோரமாகப் போனால் 20 கி.மீ.க்கு மேல். மலையைத் தாண்டினால் அதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பாதிக்குத் தொடைகள் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையான விருந்து இவை இரண்டுக்கும் நடுவில், திராட்சைச் சரிவுகளுக்குள் இருக்கிறது. டிராக்டருக்காகப் போட்ட ஒரு வண்டி அகலக் கான்கிரீட் பாதைகள் மலைமுகம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வெளியார் காருக்கு அனுமதியில்லை, சைக்கிளுக்கு உண்டு. பெர்ன்காஸ்டலிலிருந்து கிராஹ் வழியாக செல்டிங்கன் வரை இந்த மேல்பாதையில் போகிறவருக்கு, கீழே ஆற்றோரம் போகிறவர் பார்க்காத ஒன்று கண்ணுக்குப் படும். இந்தச் சரிவுகளில் வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதுதான் அது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பந்தல் போடுகிறார்கள். இங்கே பழைய முறையில் வளர்க்கும் கொடிக்குப் பந்தலும் கிடையாது, கம்பி வேலியும் கிடையாது. ஒரு கொடிக்கு ஒரு கழி. குளிர்காலம் முடியும்போது இரண்டு நீண்ட தண்டுகளை மட்டும் விட்டு மற்றதைக் கழித்து, அந்த இரண்டையும் இருபக்கமும் கீழே வளைத்துக் கழியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்க இதய வடிவம். ஒவ்வொன்றும் கையால் கட்டியது. காலுக்கடியில் மண்ணே தெரியாது. சாம்பல்நீலப் பலகைக்கல் சில்லுகள்தான் சரசரக்கும். ஏறக்குறைய 40 கோடி ஆண்டு வயதான அந்தக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் திருப்பித் தருகிறது. வடக்கே இவ்வளவு குளிரான இடத்தில் ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்குத் தெற்கு பார்த்த சரிவும் இந்தக் கல்லும் முக்கியக் காரணம். சமவெளித் தோட்டத்தில் இயந்திரம் செய்யும் வேலையை இங்கே மனிதர்கள் பல மடங்கு நேரம் செலவிட்டுச் செய்கிறார்கள். ஆற்றின் கீழ்ப்போக்கில் ப்ரெம் ஊரருகே உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை நிமிர்ந்து நிற்கிறது. ஐரோப்பாவிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். அங்கே ஆளும் கூடையும் ஏற, பல்சக்கரத் தண்டவாளத்தில் ஊரும் ஒற்றை ரயில் வண்டி உண்டு.

இப்படி உழைத்தும் கையில் காசு தங்காத காலம் இருந்தது. 1815இல் இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்கு வந்தபோது மோசெல் ஒயினுக்குச் சுங்கப் பாதுகாப்பு கிடைத்தது. பிறகு சுங்க ஒன்றியம் உருவாகித் தெற்கத்தி ஒயின் தடையின்றி உள்ளே வந்ததும் விலை விழுந்தது, விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். இதைப் பற்றிக் கொலோனில் வந்த ‘ரைனிஷ் சைட்டுங்’ நாளிதழ் எழுத, அரசு அதிகாரி சான்று கேட்டார். 1843 ஜனவரியில் நிருபருக்காகப் பதில் எழுதியவர், ட்ரியரில் பிறந்த 24 வயது ஆசிரியர் கார்ல் மார்க்ஸ். அந்த வசந்தத்துக்குள் பத்திரிகையை அரசு மூடிவிட்டது. தன்னைப் பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் திருப்பியவற்றில் மோசெல் விவசாயிகளின் நிலைமையும் ஒன்று என்று 1859இல் மார்க்ஸே எழுதினார். திராட்சைக்கொடிக்குக் கீழே நின்று ‘மூலதனம்’ நூலை நினைத்துப் பார்க்க இங்கே நியாயமான காரணம் இருக்கிறது.

எல்லாச் சரிவும் ஏழைச் சரிவு இல்லை. பெர்ன்காஸ்டல் வீடுகளின் கூரைக்கு நேர் மேலே ‘டாக்டர்’ என்ற தோட்டம் தொங்குகிறது. ஏறக்குறைய 3 ஹெக்டேர்தான். ஜெர்மனியின் விலையுயர்ந்த திராட்சை நிலங்களில் அது ஒன்று. ஊருக்கு மேலே நிற்கும் லான்ட்ஸ்ஹுட் கோட்டையில் நோயில் கிடந்த ட்ரியர் பேராயர் ஒருவர், எந்த வைத்தியத்துக்கும் தேறாமல் இந்த ஒயினைக் குடித்து எழுந்தார் என்பது ஊர்க்கதை. கோட்டை 1692இல் தீப்பிடித்து இடிபாடானது. கதை மட்டும் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பாலத்தைத் தாண்டிக் கூஸ் பக்கம் வந்தால் கதை வேறு. அங்கே ஒரு படகுக்காரரின் மகனாக 1401இல் பிறந்தவர் நிக்கோலஸ். பின்னாளில் கர்தினால், கணித ஆர்வலர், தத்துவவாதி. பூமி அண்டத்தின் அசையாத மையம் இல்லை என்று கோபர்நிக்கஸின் நூலுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே எழுதியவர். பிறந்த ஊருக்கு அவர் விட்டுப்போனது ஒரு முதியோர் விடுதி. 1458இல் நிறுவிய அந்தப் புனித நிக்கோலஸ் விடுதியில் 33 ஏழை முதியவர்களுக்கு இடம். இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அது. ஐந்தரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே முதியவர்கள் வாழ்கிறார்கள், விடுதிக்குச் சொந்தத் திராட்சைத் தோட்டமும் ஒயினும் இருக்கின்றன. கர்தினாலின் உடல் ரோமில், இதயம் இங்குள்ள சிற்றாலயத்தில். அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் மாடி நூலகத்தில். இந்த ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கூர்வீட்டை விட்டுவிட்டு இங்கே வருவதே சரி.

கீழ்நோக்கிப் போகும் வழியில் ஊர்சிக் அருகே தலைக்கு மேல் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் குறுக்கிடும். 1.7 கி.மீ. நீளம், ஏறக்குறைய 160 மீட்டர் உயரம். திராட்சை விவசாயிகளும் ஒயின் எழுத்தாளர்களும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும் 2019இல் திறந்துவிட்டார்கள். மேலே லாரிகள் இரண்டு நிமிடத்தில் கடக்கும் பள்ளத்தாக்கை, கீழே சைக்கிள் ஒரு நாள் முழுக்கச் சுற்றும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பெர்ன்காஸ்டல்-கூஸுக்கு ரயில் கிடையாது. விட்லிஷ் நிலையத்தில் இறங்கி மிதிக்க வேண்டும், அல்லது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும், சைக்கிள் ஏற்றும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் ஒயின் திருவிழா, அப்போது அறை கிடைப்பது கடினம். மே மாதமே நல்லது. அறுவடைக்குச் சற்று முன் சில தோட்டப் பாதைகளை மூடிவிடுவார்கள், பலகையைப் பார்த்து ஒதுங்குங்கள். விவசாயிகள் வீட்டு முற்றத்திலேயே நடத்தும் பருவகால ஒயின் கடைகள் வழிநெடுக வரும். உட்காரும் முன் ஒன்று நினைவிருக்கட்டும்: ஜெர்மனியில் இரத்தத்தில் மதுவின் அளவு ஆயிரத்துக்கு 1.6 பங்கைத் தொட்டால், சைக்கிள் ஓட்டுவதும் குற்றம். தடுமாறி ஓட்டினால் 0.3 போதும்.