நியாயமும் நீதியும்

நீதி என்றவுடன் நம்முள் பலர்க்கும் நீதிமன்றமும் நீதிபதியுமே நினைவிற்கு வருதல் இயல்பு. யாமும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்தை மாற்றியது நூலாராய்ச்சியன்று. எமது சன்னலண்டை நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே.

இரயில் பாதையே இல்லாத இத்தீவில், இரயில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர் வேலை எம்முடையது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரினின்று கப்பலேறி, சென்னையில் வண்டி மாறுவோர் எம்மிடம் வருவர். ஒரு மாலை, சன்னலை அடைக்கும் நேரம் கடந்து இரண்டு நிமிடம் ஆயிற்று. கார் நிக்கோபாரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். தாம் வந்த கப்பல் தாமதித்ததென்றும், சென்னைக் கப்பல் விடியலில் புறப்படுகிறதென்றும், நோயுற்ற பெண்ணொருத்தியை வேலூருக்கு அழைத்துச் செல்லக் காட்பாடி வரை சீட்டு வேண்டுமென்றும் கூறினார்.

"அப்பெண் உங்களுக்கு என்ன உறவு?" என வினவினோம்.

"எங்கள் துஹெத்தைச் சேர்ந்தவள், கணவன் இல்லை" என்றார்.

"நேரம் கடந்துவிட்டது, ஐயா" என்று கூறிச் சன்னலை அடைத்தோம். அவர் மறுசொல் கூறாது சென்றார். அன்றைய கணக்கை இன்னும் முடிக்கவில்லை என்பது எமக்கு மட்டுமே தெரியும். விதிப்படி எம்மிடம் குற்றமில்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அவ்வாரம் விவிலியத்தில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தைப் படிக்க நேர்ந்தது. மிஷ்பாத், செதாக்கா என்னும் இரு எபிரேயச் சொற்கள் விவிலியத்தில் அடிக்கடி இணைந்து வரும். தமிழில் முன்னது பெரும்பாலும் நியாயம் என்றும், பின்னது நீதி என்றும் பெயர்க்கப்பட்டுள்ளன. எப்பக்கமும் சாயாது வழக்குத் தீர்ப்பது நியாயம். மனிதனுக்கு மனிதன் செய்யக் கடமைப்பட்டதைச் செய்து முடிப்பது நீதி.

அவ்வதிகாரம் ஒரு சான்று கூறுகிறது. வறியவன் தன் மேலாடையை அடகு வைத்தால், பொழுது சாயும்போது அதனைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அவன் அதைப் போர்த்து உறங்கட்டும். கொடுத்தவனுக்கு அது நீதியாகும் என்பது அதன் கருத்து. கடன் தீரவில்லை; எனவே அடகு கையிலிருப்பது நியாயமே. ஆயினும் குளிர் கடன்பத்திரத்தைப் படித்துப் பார்த்து வருவதில்லை. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டைப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் விட்டுவிடுமாறும் அதே அதிகாரம் பணிக்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்பதை நினை என்பதே அதற்குக் கூறும் காரணம்.

துஹெத் என்பது நிக்கோபார் மக்களின் கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னையும் அதற்குப் பொது. கைம்பெண்ணும் அநாதையும் கையேந்தாது பங்கு பெறுவர். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் நிவாரணம் தனித்தனிக் குடும்பமாகக் கணக்கிடப்பட்டபோது இம்முறை தளர்வுற்றது. தளர்ந்தும் அழியவில்லை என்பதற்கு எம் சன்னலில் நின்ற முதியவரே சான்று.

அம்மக்களின் மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தளித்தவர் ஆயர் ஜான் ரிச்சர்ட்சன். அவருக்கு இளமையில் கல்வி புகட்டியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். நம்மவர் ஒருவர் அத்தீவில் கற்பித்த பாடத்தை, அத்தீவின் முதியவர் எமக்குத் திருப்பிக் கற்பித்தார்.

அன்பர்களே! நாமும் இத்தீவுகளுக்குப் பரதேசிகளாக வந்தவர்களே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்று திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோரும் நம்முள் உளர். வந்திறங்கிய நாளில் நமக்கு ஒரு கதவைத் திறந்தவர் எவர் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அம்முதியவர் சென்னையில் எவ்வாறு வண்டியேறினார் என்பதை இன்றுவரை யாம் அறியோம். அன்று முதல், சன்னலை அடைக்குமுன் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்து வருகிறோம்.