ஆவாரம்பாளையத்தில் கீவே போடும் இடம்

கோவையில் கணபதிக்கும் பீளமேட்டுக்கும் இடைப்பட்ட ஆவாரம்பாளையத்தில் வீடு எது, பட்டறை எது என்று வெளியூர்க்காரருக்குச் சட்டெனப் பிடிபடாது. ஒரு பம்ப்செட்டின் எல்லா வேலையும் இங்கே ஒரே கூரையின்கீழ் முடிவதில்லை. வார்ப்பு ஓரிடம், கடைசல் அடுத்த சந்து, மில்லிங் அதற்கும் தள்ளி ஒரு ஷெட். ஜாப், அதாவது வேலை நடக்கும் பாகம், மொபெட்டில் போய் வரும்.

இந்தப் பட்டறைகள் முளைத்ததற்குக் காரணம் உண்டு. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் வேண்டியிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்ததும் கிணறுகளுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. பக்கத்துப் பீளமேட்டில் 1926-லேயே பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கிவிட்டது. ஐடிஐ முடித்துவிட்டு வரும் பையன்களுக்கு இன்றும் பட்டறைதான் இரண்டாவது பள்ளிக்கூடம். கண்டிப்பும் அங்கேதான் அதிகம்.

மில்லிங் ஷெட்டில் முதலில் கட்டரைத் தொட விடமாட்டார்கள். ஜாப்பைப் பிடிக்கும் வைஸைக் கழற்றித் துடைத்து, டயல் இண்டிகேட்டர் வைத்து நேராக்கு என்பார்கள். முள் அசையாமல் நிற்கும்வரை வேறு வேலை கிடையாது. அலுப்பான வேலைதான், ஆனால் வைஸ் கோணினால் அன்றைய ஜாப் முழுக்கக் கோணும்.

பிறகு ஷாஃப்டில் கீவே, அதாவது கீ உட்காரும் பள்ளம். 25 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம். இறுக்கம் சரியாயிருக்க அகலம் 36 மைக்ரான் வரை குறையலாம், கூடக் கூடாது. சென்டர் பிடிக்க ஈரக் காகிதத்துண்டை ஷாஃப்டின் பக்கவாட்டில் ஒட்டி, ஓடும் கட்டரை நெருக்குவார்கள். காகிதம் பறந்ததும், "கட்டரைத் தூக்கிட்டு நகத்து கண்ணு" என்று மூத்தவர் குரல் வரும். ஷாஃப்டில் பாதி 12.5, கட்டரில் பாதி 4, காகிதத்தின் தடிமன் சுமார் 0.1: மொத்தம் 16.6 மி.மீ. நகர்த்தினால் கட்டர் ஷாஃப்டின் நடுவில்.

பழைய மெஷினில் திருகு தேய்ந்திருக்கும். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினால் முதலில் அதன் டயல் மட்டும் நகரும், டேபிள் நகராது. அளவைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய், வந்த திசையிலேயே மறுபடி வரவேண்டும். டேபிள் நகரும் திசையிலேயே கட்டரின் பல் வெட்டும் டவுன் மில்லிங் இங்கே ஆகாது. அந்தத் தளர்வில் கட்டர் டேபிளையே இழுத்துக்கொண்டு உடையும். பாடப்புத்தகம் இதைச் சொல்கிறது. கை நம்புவதென்னவோ ஒரு கட்டர் உடைந்த பிறகுதான்.

கணினியில் இயங்கும் விஎம்சி மெஷின் வந்துவிட்டது, ஆயிரக்கணக்கில் ஓடும் ஜாப்பெல்லாம் அதற்குப் போகிறது. கீ தேய்ந்த ஒற்றை ஷாஃப்டைத் துணியில் சுற்றி எடுத்துவரும் விவசாயி மட்டும் இந்தப் பழைய மெஷினுக்கே வருகிறார். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று வாசலிலேயே நிற்கிறார்.